காயடித்த குட்டியும் மூன்று பேரும்

இது நடந்த வரிசை இதுதானா என்று கேட்டால் சத்தியம் செய்ய முடியாது. மழை முதலில் பெய்ததா, முதலாளியின் கார் முதலில் வந்ததா என்பதில் அங்கே இருந்தவர்களே ஒத்துப்போவதில்லை. விடியற்காலையில் மகேஸ்வரன் லாயத்தில் சாணம் அள்ளிக்கொண்டிருந்தான் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. எல்லா விடியலிலும் அவன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

சிங்கப்பூரிலிருந்து எல்லை தாண்டினால் வரும் உலு திராம் ஊருக்கு வெளியே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி, வசதியுள்ளவர்கள் குதிரையேற்றம் பழகும் இடம் அது. குதிரைகளுக்கு விரித்த மரத்தூள் மூத்திரம் ஊறி ஈரமண்ணாய்க் கனக்கும். அதை வாரித் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொட்டிவிட்டு வருவதற்குள் தோள்பட்டை எரியும். ஆட்குறைப்புக்குப் பின் மிஞ்சியவர்கள் மூன்று பேர். மகேஸ்வரன், அவனுக்கு இளையவனான யுகேந்திரன், தீவனமும் தண்ணீரும் பார்க்கும் அங்கம்மா. மற்ற இருவரும் மாலையில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மகேஸ்வரனுக்கு லாயத்தின் கோடியில் இருந்த அறைதான் வீடு. சொந்த ஊரான காஹாங்கில் பெற்றவர்கள் இறந்துபோனபிறகு அவனைத் தேடி வர ஆளில்லை. யுகேந்திரன் ஏதாவது கேட்டால், பதில் வருவதற்குள் ஒரு குதிரையைத் தேய்த்து முடித்துவிடலாம்.

அந்த வாரம் ஓர் இளங்குதிரைக்குக் காயடித்தார்கள். காயத்தைத் தைக்கவில்லை, நீர் வடியத்தான் வேண்டும் என்றார் மிருக டாக்டர். சொட்டினால் பயமில்லை, நிற்காமல் ஒழுகினால் கூப்பிட வேண்டும். இன்றைக்கு ஓய்வு. நாளையிலிருந்து காலையும் மாலையும் நடத்தியே ஆகவேண்டும், நின்றபடியே நின்றால் வீங்கிவிடும்.

மறுநாள் மகேஸ்வரன் நடத்தினான். குட்டி பின்னங்கால்களை அகட்டி வைத்து, அடிக்கொரு தரம் அவன் தோளில் மூக்கை இடித்தது. தொடையில் இரத்தநீர் கோடாக இறங்கிற்று. அவன் அதனிடம் ஏதேதோ பேசிக்கொண்டே நடந்தான்.

பள்ளி விடுமுறை வந்தது. சிங்கப்பூர்க் கார்கள் வந்தன. குட்டி நடந்த திடலை முதலாளி ஜெயபாலன் கார் நிறுத்துமிடமாக்கினார்.

"பிள்ளைங்க வர்ற எடத்துல ரத்தத்தோட குதிரைய காட்டுவியா? உள்ளயே வையி."

"நடக்கணும் பாஸ்."

"ரெஸ்ட் எடுத்தா ஆறிடும் லா. நீ என்ன டாக்டரா?"

மகேஸ்வரன் குட்டியை லாயத்துக்குள் நடத்திப் போனான். குழாய்த் தண்ணீரால் காயத்தைச் சுற்றிக் குளிர்வித்தான், ஈ ஓட்டினான், கதவைச் சாத்தினான். சாத்தியது அவன் கைதான்.

சனிக்கிழமை விடிந்தபோது குட்டியின் அடிவயிறு வீங்கித் தொங்கியது. உடம்பு சுட்டது. தீவனத்தைத் தொடவில்லை. டாக்டர் வந்து, அடைபட்ட காயத்தைத் திறந்துவிட்டு, ஊசி போட்டார். இதை நடக்கவிடாமல் நிறுத்தியது யார் என்று கேட்டார்.

ஜெயபாலன் மகேஸ்வரனைக் காட்டினார். "இவன்தான். சோம்பேறி."

இப்போதே நடத்துங்கள் என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

"சாயங்காலத்துக்குள்ள ரூம காலி பண்ணு," என்றார் ஜெயபாலன்.

மகேஸ்வரன் தலையை ஆட்டினான். இங்கிருந்து எங்கே போவது என்று யோசித்தான். எந்த ஊர்ப்பெயரும் மனதில் வரவில்லை.

அங்கம்மா வாளியைக் கீழே வைத்தாள். "உள்ளயே வையின்னு நீங்கதான் சொன்னீங்க பாஸ். நான் இங்கதான் தீனி கலக்கிக்கிட்டு இருந்தேன்."

"ஒன்ன யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. அதான் நானா சொல்றேன்."

யுகேந்திரன் கையிலிருந்த சேணத்தை மறுபடி மரச்சட்டத்தில் வைத்தான். "அண்ணன் போனா நான் சேணம் போடல."

"வெளிய கஸ்டமர் நிக்கிறாங்கடா!"

"நீங்களே போடுங்க பாஸ். அந்த வெள்ள குதிர கடிக்கும், பாத்து."

ஜெயபாலன் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "மூணு பேரையும் அனுப்பிட்டு வேற ஆள் வைப்பேன்."

 மகேஸ்வரன் குட்டியின் கயிற்றில் கைவைத்தான். "ஒரு குதிரையும் பட்டினி கெடக்காது பாஸ். தண்ணி, தீனி எல்லாம் நடக்கும். சேணம் மட்டும் ஏறாது. இந்தக் குட்டி நடக்கும்."

அவன் கயிற்றை அவிழ்த்துக் குட்டியை முன்வாசல் வழியாகத் திடலுக்கே நடத்திக்கொண்டு போனான். பளபளக்கும் கார்களுக்கு நடுவே குட்டி கால்களை இழுத்து நடந்தது. பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு தாய் என்ன ஆயிற்று என்று கேட்டாள். அங்கம்மா ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

மகேஸ்வரனின் கை ஓய்ந்தபோது யுகேந்திரன் கயிற்றை வாங்கினான். அவனிடமிருந்து அங்கம்மா வாங்கினாள். அதுவரை அவள் எந்தக் குதிரையையும் பிடித்து நடந்ததில்லை.

"கால மிதிச்சிடுமா தம்பி?" என்று யுகேந்திரனைக் கேட்டாள்.

"மிதிக்கும்க்கா."

"நல்லாத்தான் தைரியம் சொல்ற."

மகேஸ்வரன் அவளுக்குப் பக்கத்திலேயே நடந்தான்.

குட்டியின் வீக்கம் வடிந்துவிட்டது. காயடித்த பிறகும் சில வாரங்களுக்குச் சினைப்படுத்தக்கூடும், அதைப் பெட்டைகளிடம் விடக்கூடாது என்பதால் தனியாகத்தான் கட்டியிருக்கிறார்கள். மூவரும் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறார்கள். விசாரணைக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. ஜெயபாலன் வேறு ஆட்களைத் தேடுகிறார். லாயத்தில் சேணங்கள் ஏறவில்லை. மகேஸ்வரன் அறையைக் காலி செய்யவில்லை. யுகேந்திரனும் அங்கம்மாவும் மாலையில் உடனே வீட்டுக்குப் போவதில்லை. மகேஸ்வரனின் அறை வாசலில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். அவன் இப்போதும் அதிகம் பேசுவதில்லை.