யாரும் தொடாத வெள்ளிக்காசு

பாக்கியத்தின் கடையில் ஆணிப் பெட்டி திறந்தபடி கிடந்தது. கூரைக்கு ஆகும் தகரத் தகடுகள் சுவரில் சாய்ந்திருந்தன. கதவுக்குப் பின்னால் ஒரு பீப்பாய் ரம் இருந்தது. இவற்றைக் கேட்டு ஓர் ஈ காக்கைகூட வரவில்லை.

அவள் கணக்குப்படி இந்நேரம் எல்லாம் விற்றுத் தீர்ந்திருக்க வேண்டும். ரோஸ் பெல்லுக்கு அப்பால், கரும்புக்கு நடுவே இருந்த அந்தச் சின்ன ஊரைப் புயல் புரட்டிப் போட்டிருந்தது. பல வீடுகளுக்குக் கூரை இல்லை. தீவின் தலைநகரான போர் லூயியில் கனவான்கள் சிலர் ஒரு கமிட்டி வைத்து நிதி திரட்டினார்கள். அரிசியாக அனுப்பினால் வழியிலேயே மூட்டை இளைத்துவிடுகிறது என்று, இந்த முறை குடும்பத்துக்கு இவ்வளவு என வெள்ளி ரூபாயாகவே கையில் கொடுத்துவிட முடிவு செய்தார்கள். கமிட்டியின் குமாஸ்தா க்ளோட் வண்டியில் வந்தார். கோவிலுக்கு எதிரே மேசை போட்டுப் பெயர் கூப்பிட்டார். பணத்தைக் கொடுத்தார். மழை பிடிப்பதற்குள் போய்விட்டார்.

இந்த ஜனங்கள் கையில் காசைக் கொடுத்தால் அது தொண்டையில்தான் இறங்கும் என்று அன்றே ஊர் கேட்கச் சொன்னவள் பாக்கியம். ஆனாலும் வியாபாரம் தெரிந்தவள். நல்ல புத்தி வந்தால் தகரம், வராவிட்டால் ரம் என்று இரண்டையும் கடன் சொல்லி இறக்கி வைத்தாள். இப்போது இரண்டும் போகவில்லை. நல்ல புத்தியும் இல்லை, கெட்ட புத்தியும் இல்லை என்றால் அந்தப் பணம் எங்கேதான் போயிற்று?

அவளுக்கு மண்டை குடைந்தது. அடுத்த ஊர்ச் சீனன் கடைக்குப் போகிறார்களோ என்று விசாரித்தாள். அங்கேயும் யாரும் போகவில்லை. சூதாடினார்களா என்றால் அதுவும் இல்லை. கடைசியில் கடையைப் பூட்டிவிட்டு, தானே பார்த்துவிடுவது என்று புறப்பட்டாள்.

முதலில் தெய்வானை வீட்டுக்குப் போனாள். தெய்வானை கணவனை இழந்தவள். எஸ்டேட்டில் ஒப்பந்தக் காலம் முடித்து வெளியே வந்து, மேட்டில் ஒரு துண்டு நிலம் வாங்கிக் கரும்பு போட்டிருந்தாள். வீட்டின் மேல் இப்போது கோணிச் சாக்குகள்தான் கிடந்தன. அந்தப் பக்கத்துத் தூறல் நாள் கணக்காக விடாது. சாக்கிலிருந்து தண்ணீர் சொட்ட, மூலையில் அவள் மகள் சிவகாமி சுருண்டு படுத்து இருமிக்கொண்டிருந்தாள். நெஞ்சு கட்டிக்கொண்ட இருமல். இன்னும் சில நாள் இப்படி ஈரத்தில் கிடந்தால் குழந்தை தங்க மாட்டாள் என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

குழந்தையை இப்படிப் போட்டுவிட்டுப் பணத்தை என்ன செய்தாய் என்று பாக்கியம் சண்டைக்கே போனாள். தெய்வானை இடுப்பு முடிச்சைக் காட்டினாள். கொடுத்த காசு கொடுத்தபடியே இருந்தது.

"இது லவான்ஸ், அக்கா. தொட்டா அவங்க ஆளு" என்றாள்.

பாக்கியத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லவான்ஸ் என்றால் முன்பணம். வருஷ ஆரம்பத்தில் எஸ்டேட்காரன் கூலியாளின் கையில் கொஞ்சம் பணத்தை வைப்பான். அதில் ஒரு காசு செலவானாலும் அந்த ஆள் திரும்பவும் ஒப்பந்தத்தில் விழுந்தான். பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தால் தப்பலாம் என்பது ஜனங்களின் நம்பிக்கை. அதனால் ஊரே முடிச்சை அவிழ்க்காமல் காத்துக்கொண்டிருந்தது.

யார் இப்படிச் சொன்னது என்று கேட்டாள் பாக்கியம்.

"யாரு சொல்லணும்? அந்த குமாஸ்தா மிசியே வாயத் தொறந்தாரா? பேரக் கூப்பிட்டாரு, கையில வச்சாரு. எம் புருஷன் கையிலயும் இப்படித்தான் வச்சாங்க. அவரு அங்கயே போய்ச் சேர்ந்தாரு. இப்ப நானும் போயிட்டா இவளுக்கு யாரு?"

பாக்கியத்தின் சிரிப்பு நின்றது. அவள் எஸ்டேட் லயத்தில் பிறந்தவள்தான். அவளுடைய காதுகுத்துக்காக அப்பா லவான்ஸ் வாங்கினார். அதற்குப் பிறகு அவர் அந்த எஸ்டேட்டை விட்டு வெளியே வரவே இல்லை. கடை வைத்துப் பத்து பேருக்குக் கடன் கொடுக்கும் நிலைக்கு வந்ததும் அதெல்லாம் மறந்துபோயிற்று. தொண்டையில் இறங்கும் என்று சொன்ன வாயை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

இன்னொரு விஷயமும் தெய்வானை சொன்னாள். எஸ்டேட்டுக்கு ஆள் பிடித்துத் தரும் ஆறுமுகம் வீடு வீடாக வந்து, பணத்தைத் தன்னிடம் கொடுத்தால் கமிட்டியில் திருப்பிக் கட்டிப் பெயரை அடித்துவிட்டு வருவதாகச் சொன்னானாம். வழிச் செலவுக்குத் தனியாக ஒரு ரூபாய். சில வீடுகளில் கொடுத்துவிட்டார்கள். தெய்வானையும் திங்கட்கிழமை கொடுப்பதாக இருந்தாள்.

பாக்கியம் மறுநாளே ரோஸ் பெல் சந்தையில், அந்தப் பக்கத்து ஊர்களுக்குப் பணம் கொடுக்க வந்து தங்கியிருந்த க்ளோட்டைத் தேடிப் பிடித்தாள். விஷயத்தைக் கேட்டு அவர் திகைத்துப் போனார். மனிதர் நல்லவர். ஞாயிற்றுக்கிழமை தானே வந்து சொல்வதாக வாக்குக் கொடுத்தார்.

சொன்னபடி வந்தார். கோவில் எதிரே கூட்டம் கூடியது. ஆறுமுகமும் நின்றான். "பா லவான்ஸ் சா" என்று க்ளோட் அந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் உரக்கச் சொன்னார். இது முன்பணம் இல்லை, உங்களுக்கே கொடுத்தது, யாரும் திருப்பித் தர வேண்டாம் என்று இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார்.

ஒருவரும் அசையவில்லை. அவர்கள்மேல் என்ன தப்பு? தங்களையோ தங்கள் அப்பன்மாரையோ இந்தத் தீவுக்குக் கப்பலேற்றிவிட்டவனும் இப்படி இனிக்க இனிக்கத்தானே பேசினான்.

அப்போது தெய்வானை முன்னால் வந்தாள். தனக்குத் தெரிந்த கிரியோலில், திருப்பித் தர வேண்டாம் என்றால் ஆறுமுகண்ணன் கொண்டுவந்து கட்டிய பணத்தை ஏன் வாங்கிக்கொண்டீர்கள் என்று கேட்டாள். அவரைச் சோதிக்கத்தான் கேட்டாள்.

க்ளோட் விழித்தார். யார் கட்டினார்கள், எதைக் கட்டினார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். கமிட்டிக்கு ஒரு காசும் வரவில்லை.

கூட்டம் முழுக்க ஆறுமுகத்தின் பக்கம் திரும்பியது. பத்திரமாக வைத்திருக்கிறேன், நாளைக்குத்தான் போவதாக இருந்தேன் என்று முனகிக்கொண்டே அவன் இடுப்பைத் துழாவினான். கொடுத்தவர்கள் சுற்றி நின்று வாங்கிக்கொண்டார்கள். க்ளோட் அத்தனை விதமாகச் சொல்லியும் வராத நம்பிக்கை இப்போது வந்தது. உண்மையிலேயே லவான்ஸாக இருந்தால், திரும்பி வந்த காசு எவ்வளவு என்று தெரியாத எஸ்டேட்காரன் உலகத்தில் உண்டா?

அன்று மாலை பாக்கியத்தின் கடையில் நிற்க இடமில்லை. இவர்கள் என்னதான் வாங்குவார்கள் என்று பார்க்கிற ஆசையில் க்ளோட்டும் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். ஒருவன் ஆணி வாங்கினான். ஒரு வீட்டார் ஆட்டுக்குட்டிக்கு விலை பேசிவிட்டு வந்து கயிறு மட்டும் வாங்கினார்கள். கரும்புக் கரணை வாங்கப் பக்கத்து ஊருக்கு நாலு பேர் சேர்ந்து வண்டி பேசினார்கள். ஒருத்தி கண்ணாடி வளையல் கேட்டு, பாக்கியம் முறைத்ததும் அதைக் கீழே வைத்தாள். பாக்கியமே அதை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். ஒருவன் குடிக்கவும் செய்தான். அவன் காசில்லாதபோதும் குடிப்பவன்.

தெய்வானை தகரமும் ஆணியும் வாங்கினாள். இருட்டுவதற்குள் கூரையைப் போட்டுத்தர இரண்டு பேர் வெளியே காத்திருந்தார்கள். பாக்கியம் சிவகாமிக்கென்று ஒரு கம்பளியைக் கூடவே வைத்துக் கட்டினாள்.

க்ளோட்டுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. சந்தேகம் இருந்தால் அன்றைக்கே கேட்டிருக்கலாமே என்றார்.

நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று தெய்வானை கேட்டாள்.

அவர் தலை குனிந்தார். இனாம் என்று தெரிந்தால் சோம்பேறிகளாகிவிடுவார்கள், குடித்துத் தீர்ப்பார்கள், ஆகவே ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டு வா என்று கமிட்டியில் சொல்லி அனுப்பினார்களாம்.

தெய்வானையின் மனசில் வந்ததைச் சொல்ல அவளுடைய கரும்புக்காட்டுக் கிரியோல் போதவில்லை. பாக்கியத்தின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்:

"நாங்க குடிச்சிடுவோம்னு நெனச்சு நீங்க சொல்லல. நீங்க பிடிச்சிடுவீங்கன்னு நெனச்சு நாங்க தொடல. நடுவுல எம் பொண்ணு நனைஞ்சா. ஏழைக்குக் குடுக்கறதுன்னா நம்பிக் குடுக்கணும். மொகத்தப் பாத்து, இது உன்னோடது, உனக்கு வேணுங்கறது உனக்குத் தெரியும்னு சொல்லிட்டுக் குடுக்கணும். சந்தேகப்பட்டுக் குடுத்தா அது காசு இல்ல, கண்ணி. இத அவருகிட்ட அப்படியே சொல்லுங்கக்கா."

பாக்கியம் ஒன்றும் விடாமல் கிரியோலில் சொன்னாள். 'நீங்க' என்று வந்த இடத்தில் மட்டும், தன்னையும் அவர் பக்கம் சேர்த்து, 'நாம' என்று மாற்றிச் சொன்னாள்.