உள்ளூர்க்காரன் கணக்கு

நெடுஞ்செழியன் மாமா என் புருஷனை முதலில் அடித்தது விழுப்புரத்தில், ஆடிட்டர் ஆபீஸ் மாடிப்படியில். மாமா என்றால் என் புருஷன் தென்னரசுவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். பிளாட் போட்டு விற்கிறவர், வட்டிக்கு விடுகிறவர். வெளியில் வெள்ளைச் சட்டையும் கும்பிட்ட கையுமாக இருப்பார். வீட்டு ஆட்களிடம்தான் அந்தக் கை நீளும்.

ஆடிட்டர் நடராசன் தன்மையாகத்தான் சொன்னார். "தம்பி ஷார்ஜாவுலயே இருந்த வரைக்கும் பிரச்சினை இல்லைங்க. வெளிநாட்டுல இருக்கிறவருன்னு அவர் டெபாசிட் வட்டிக்கு இங்க வரி கிடையாது. ஏப்ரல்ல வந்தவரு இப்ப திரும்பிப் போவலைங்கிறாரு. வரி வருஷத்துல நூத்தி எண்பத்திரண்டு நாள் இங்க தங்கிட்டா சட்டப்படி உள்ளூர்க்காரரு. கணக்கை மாத்தணும், வட்டிக்கு வரி கட்டணும். கட்டடத்துக்குச் சாரம் கட்டுற வேலை பார்த்தவருக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்துச்சுன்னு யாராவது கேட்டா, அதுக்கும் பதில் வேணும்."

அந்தப் பணத்தில் ஒரு பைசா எங்களுடையது இல்லை. மாமாவின் கறுப்புப் பணம் யார் யார் கையோ மாறி ஷார்ஜாவுக்குப் போகும். என் புருஷன் சம்பாதித்து அனுப்பியதாகத் திரும்பி வரும். டெபாசிட் என் புருஷன் பேரில். பாஸ்புக்கும் கையெழுத்துப் போட்ட செக்குகளும் மாமாவின் பீரோவில். அப்பா செத்த பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவராம், ஊரே சொல்லும். வளர்த்தார், ஆட்டை வளர்க்கிற மாதிரி.

"நான் போவலண்ணா," என்றார் என் புருஷன். "இங்கயே எதனா பொழச்சிக்கிறேன்."

எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். லீவில் வந்ததையெல்லாம் கூட்டினாலும் சேர்ந்து குடித்தனம் பண்ணியது ஒரு வருஷம் வராது. அவர் வாயால் "போவல" என்று கேட்டதும் எனக்கு நெஞ்செல்லாம் குளிர்ந்துவிட்டது. படி இறங்கும்போதே மாமா அவரைக் காதோடு சேர்த்து அறைந்தார். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு வழிந்தது. கீழே ஜெராக்ஸ் கடையில் நின்றவர்கள் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள்.

அடுத்த தடவை திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கே வந்தார், ஹெல்மெட்டோடு. அந்த ஹெல்மெட்டால்தான் என் புருஷனை முகத்தில் அடித்தார். முன்பல் இரண்டு சோற்றுத் தட்டில் விழுந்தன. நான் பாய்ந்து மாமாவின் மணிக்கட்டைக் கடித்தேன். சதை கிழிந்து உப்புக் கரித்தது. என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார், பாவி.

"வீடு யாரு பேருல இருக்குது, ஞாபகம் இருக்கா? அடுத்த மாசத்துக்குள்ள இவன் பிளைட் ஏறணும். இல்லன்னா ரெண்டு பேரையும் கெணத்துல தேடணும்," என்று சொல்லிவிட்டு, கையைக் கர்ச்சீப்பால் கட்டிக்கொண்டு போனார்.

போலீசுக்குப் போகலாம் என்றேன். என் புருஷன் வீங்கின வாயால் சொன்னார்: "டெபாசிட் எம்பேருல இருக்குது பொன்னி. மொதல்ல என்னத்தான் உள்ள தள்ளுவாங்க."

அதன்பிறகு அவர் சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார், படுக்கச் சொன்னால் படுத்தார். என்ன மனுஷன் இவர் என்று எனக்கு எரிச்சலாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

செப்டம்பர் பாதியில் ஒரு காலையில் மாமாவின் கார் வந்து நின்றது. புது விசா, டிக்கெட், கூடவே இரண்டு தடியன்கள். என் புருஷன் தானாகவே பேன்ட் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"நெஜமாவே போறீங்களா?" என்று கேட்டேன்.

"போவலன்னா கொன்னுடுவாரு."

"மறுபடி எப்ப வருவீங்க?"

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா காரில் சாய்ந்தபடி சிரித்தார். "வருஷத்துல ரெண்டு மாசம் தாராளமா வந்து உங்கூட இருக்கட்டுமே. நானா வேணான்றேன்? டேய், ஜல்தி கெளம்பு."

என் புருஷனோடு நான் எத்தனை நாள் படுக்கலாம் என்று அவர் வரிக்கணக்குப் பார்த்துச் சொல்கிறார். குளியலறைச் சுவரில் கடப்பாரை சாத்தியிருந்தது. எடுத்தேன். மாமாவை அடிக்கத்தான் போகிறேன் என்று தடியன்கள் இருவரும் அவருக்கு முன்னால் ஓடி நின்றார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. என் புருஷன் ஷூ கயிறு கட்டக் காலை நீட்டியிருந்தார். முழங்காலுக்குக் கீழே ஓங்கி ஒரே போடு போட்டேன்.

எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவர் அலறியதில் தெருவே கூடிவிட்டது. கால் பாதியில் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது, பேன்ட்டைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே தெரிந்தது. மாமா என்னை நோக்கி இரண்டு அடி வைத்தார்.

"வாங்க மாமா," என்று கடப்பாரையைத் தூக்கினேன். அவர் வரவில்லை.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்தார்கள். நடக்கப் பங்குனி ஆகும் என்றார் டாக்டர். மாமா கட்டிலோரம் நின்று ஏப்ரலிலிருந்து மாசங்களை விரல்விட்டு எண்ணினார். எண்ணி முடித்ததும் முகம் செத்துப்போய், யாரிடமும் சொல்லாமல் வெளியே போனார். ஆடிட்டரிடம்தான் ஓடியிருப்பார், வேறெங்கே.

விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் என் புருஷன், "வழுக்கி உழுந்துட்டேங்க," என்றார்.

போலீஸ்காரர் போனதும் நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பணத்தைப் பற்றிக் கேட்டு யார் வந்தாலும் உள்ளதைச் சொல்லிவிடலாம், வருவது வரட்டும் என்றேன். தலையாட்டினார்.

"சொல்லிட்டு அடிச்சிருக்கலாமில்ல," என்றார்.

"சொன்னா? காலை நீட்டிக்கினு உக்காந்திருப்பீங்களாக்கும்?"

"உக்காந்திருப்பேன் பொன்னி," என்றார்.