பெயின்டர் வீட்டுப் பூஞ்சை

காமாலைக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். பெயின்டருக்குக் கண்டதெல்லாம் பூஞ்சை. இருபது வருடமாக ஊரார் வீட்டுக் குளியலறைச் சுவர்களைச் சுரண்டியவன், தன் மூன்று வாரக் குழந்தை கொட்டாவி விட்டபோது உள்ளே எட்டிப் பார்த்தான். நாக்கு முழுக்க வெள்ளை.

"ஈரச் சுவரு மாதிரியே இருக்கு. பூஞ்சைதான்" என்றான்.

அவன் மனைவி மறுக்கவில்லை. குழந்தை வாயில் பூஞ்சை வந்தால் பால் கொடுக்கும்போது தாய்க்கு வலியில் உயிர் போகும் என்று பிரசவ வார்டில் பக்கத்துக் கட்டில்காரி சொல்லியிருந்தாள். இவளுக்கு உயிர் போய்க்கொண்டுதான் இருந்தது. காம்பில் வெடிப்பு வேறு. தையல்காரி அவள், விரலில் ஊசி ஏறினாலும் உதறிவிட்டு அடுத்த துணியை எடுக்கிறவள். அப்பேர்ப்பட்டவள் குழந்தை பசித்து அழுதால் பயந்தாள். சொந்தப் பிள்ளையைப் பார்த்துப் பயப்படுகிறோமே என்பதுதான் வலியைவிடப் பொறுக்கவில்லை.

நாத்தனார் வந்து புட்டியையும் பால்பவுடரையும் மேசையில் வைத்தாள். "எத்தனை நாளைக்குப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்பே? என் பிள்ளைங்க புட்டிப்பால்ல வளரலையா?"

நல்ல மனசோடு சொன்னதுதான். அதனால் சண்டை போடவும் வழியில்லை. டாக்டரிடம் போயும் வலி நிற்காவிட்டால் அன்றைக்கே புட்டியைத் திறந்துவிடுவது என்று அவள் தனக்குள் முடிவு செய்தாள். செய்துவிட்டு அழுதாள். அவளுக்குப் பால் கொடுக்க ஆசை, அவ்வளவுதான். அதற்குக் காரணம் வேறு சொல்ல வேண்டுமா?

பெயின்டர் சும்மா இருப்பானா? டாக்டரம்மாவிடம் போனபோது, பெயின்ட் சாயல்களைக் காட்டும் கலர் அட்டையையே நீட்டினான். "இந்த மூணாவது வெள்ளைதாங்க. பகல் வெளிச்சத்துல ஒத்துப் பார்த்தேன். பாலா இருந்தா கொஞ்சம் மஞ்சள் அடிக்கும்."

டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். விரலில் ஈரத்துணியைச் சுற்றிக் குழந்தையின் நாக்கை மெல்லத் துடைத்தார். வெள்ளை துணியோடு வந்துவிட்டது.

"பூஞ்சைன்னா இப்படி லேசுல வராது. கன்னத்துக்குள்ளயும் சுத்தமா இருக்கு. இது வெறும் பால். துடைச்சுப் பார்க்கவே இல்லையா நீங்க?"

"சுவரா இருந்தா சுரண்டியிருப்பேங்க. பிள்ளை வாயாச்சேன்னு விட்டுட்டேன்."

தையல்காரிக்குச் சந்தோஷம் வரவில்லை. பூஞ்சை இல்லையென்றால் அதற்கு மருந்தும் இல்லையே! "அப்ப எனக்கு ஏன் டாக்டர் இப்படி வலிக்குது?"

டாக்டரம்மா அவளையும் பரிசோதித்தார். அங்கேயும் பூஞ்சை இல்லை. திரைக்குப் பின்னால் இருந்த நர்ஸிடம் அனுப்பினார்.

"எங்கே, என் முன்னாடி கொடு பார்ப்போம்" என்றார் நர்ஸ்.

குழந்தையை மடியில் கிடத்தி, முதுகை வளைத்து, முழங்கைகளை அகட்டி, அவள் குனிந்தாள்.

"நீ என்ன வேலைம்மா பார்க்குறே?"

"தையல்."

"அதானே! மெஷின் முன்னாடி குனியிற மாதிரியே குனியிறே. அப்படிக் குனிஞ்சா பிள்ளைக்கு நுனிதான் கிடைக்கும். நுனியை மென்னா புண்ணாகாம என்ன செய்யும்? நிமிர்ந்து உட்காரு. நீ அதுகிட்ட போகாதே, அதை உன்கிட்ட கொண்டு வா."

வயிறோடு வயிறு ஒட்ட அணைக்கச் சொன்னார். குழந்தை வாயை நன்றாகத் திறக்கும்வரை பொறுக்கச் சொன்னார். திறந்ததும், "இப்ப!" என்றார்.

தையல்காரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். புண் இருந்த இடத்தில் சுருக்கென்றது. அடுத்ததற்காகக் காத்திருந்தாள். அடுத்தது வரவில்லை. குழந்தை மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"வலிக்குதா?" திரைக்கு வெளியிலிருந்து பெயின்டர் கேட்டான்.

"கலர் அட்டையா கொண்டு வர்றீங்க, கலர் அட்டை! என் பிள்ளை வாய் என்ன சமையல்கட்டுச் சுவரா? மூணாவது வெள்ளையாம்! ஊர் உலகத்துல எந்த அப்பனாவது..."

நிறுத்தவில்லை. அவனைத் திட்டி முடித்து, அவன் தூரிகைகளைத் திட்டி, அவற்றை ஊறவைக்கும் வாளியையும் திட்டினாள். வலி தெரிந்த நாளிலிருந்து பால் கொடுக்கும்போது அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. திரைக்கு வெளியே பெயின்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் திட்டு" என்றான்.