பதினாலு நிமிஷம்

நான் பிஸ்கட் ஃபேக்டரியில டைம் ஆபீஸ் கிளார்க். கேட்டுக்குப் பக்கத்துல ஒரு கண்ணாடி ரூம், ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு பதிவேடு, ஒரு சிவப்புப் பேனா. எட்டு மூணுக்கு வந்துட்டு எட்டுன்னு எழுதினா விட மாட்டேன். அதை அடிச்சு, சரியான நேரத்தை எழுதி, பக்கத்துல அவங்க கையெழுத்தையே வாங்குவேன். என்னைத் தாண்டிப் போகும்போது மேனேஜர்கூட ஒரு தடவை வாட்ச்சைப் பாத்துப்பார். இப்படிப்பட்ட நான் மூணு மாசமா தினம் ஒரு பொய் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன்.

என் பொண்ணு நாலாவது படிக்கிறா. வீட்டுல அவளுக்கு வாலுன்னுதான் பேரு. இந்த வருஷம் பாடத்திட்டத்தை மாத்திட்டாங்க. மனப்பாடமே கிடையாதாம், எல்லாம் புரிஞ்சு படிக்கணுமாம். நல்ல விஷயம்தானேன்னு நானும் தலையாட்டினேன். புரிய வைக்கிற வேலை என் தலையில விழும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. எண்பத்திமூணுல இருந்து நாப்பத்தேழைக் கழிக்க ஒரு பக்கம் முழுக்கக் கட்டம் வரையணும். இலையைப் பத்திப் பாடம்னா ஆறு விதமான இலை பறிச்சு ஒட்டி, ஒவ்வொரு இலையும் என்ன நினைக்குதுன்னு எழுதணும். பக்கத்துத் தெருவுல செடி வளக்கிறவங்க வீட்டு மதில்ல எக்கிப் பறிச்சப்போ அந்த இலை என்னைப் பத்தி என்ன நினைச்சிருக்கும்னு எனக்குத் தெரியும். அதையெல்லாம் நோட்டுல எழுத முடியாது.

இதுக்கு நடுவுல எங்க வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். ஊர்ல இருக்கிற லிஃப்டெல்லாம் அவர் சொன்னா கேக்குது, கணக்கு மட்டும் கேக்க மாட்டேங்குது. "எங்க காலத்துல இதை ரெண்டு வரியில முடிப்போம்"னு அவர் வழியில போட்டுக் காட்டுவார். விடை சரி, முறை தப்புன்னு மறுநாள் திரும்பி வரும். அத்தனையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

ஆறு மணிக்கு உக்காந்தா எந்திரிக்க எட்டு மணி பத்து நிமிஷம் ஆகும். மாடிப்படிக்கு அடியில அவளோட சைக்கிள் நிக்குது. பிறந்த நாளுக்கு வாங்கினது. பின் சக்கரத்துல காத்தே இல்ல.

"எப்பம்மா ஓட்டக் கத்துக் குடுப்பே?"

"நாளைக்குடி."

நாளைக்கு நாளைக்குன்னு சொல்லி எனக்கே வெக்கமாப் போச்சு.

ஸ்கூல்லயும் சும்மா இருக்கல. வீட்டுப்பாடம் முடிக்க எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு பெத்தவங்க தினமும் எழுதிக் கையெழுத்துப் போட ஒரு சின்ன நோட்டு குடுத்தாங்க. ஜாஸ்தியா இருந்தா குறைப்பாங்களாம். நூத்தி முப்பதுன்னு கொட்டை எழுத்துல எழுதிடணும்னு இருந்தேன். அன்னிக்குப் பாத்து லிஃப்டுல மேல் வீட்டுப் பல் டாக்டரம்மா ஏறினாங்க. அவங்க பையனும் வாலுவோட கிளாஸ்தான்.

"எவ்வளவு நேரம் ஆகுது உங்களுக்கு?"ன்னு கேட்டேன்.

"என்ன, ஒரு பதினஞ்சு நிமிஷம். அவனே உக்காந்து முடிச்சிடறான்"னாங்க.

எனக்குச் சுருக்குன்னுச்சு. என் பொண்ணு என்ன மக்கா? வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்துப் பதினாலுன்னு எழுதினேன். மறுநாளும் பதினாலு. எவனாவது ஃபேக்டரியில தினமும் ஒரே நேரம் எழுதியிருந்தா அன்னிக்கே பிடிச்சிருப்பேன்.

மூணு மாசம் கழிச்சு ஒரு சனிக்கிழமை காலையில பெத்தவங்களை எல்லாம் கூப்பிட்டாங்க. பிள்ளைங்க உக்கார்ற குட்டி பெஞ்சுல முழங்கால் முகத்துல இடிக்க உக்காந்திருந்தோம். ஹெச்.எம். மேடம் மூஞ்சியில அப்படியொரு சந்தோஷம்.

"உங்க நோட்டை எல்லாம் கூட்டிப் பாத்தோம். சராசரி பதினஞ்சு நிமிஷம். புதுத் திட்டத்துல நாலாவதுக்கு நாப்பத்தஞ்சு நிமிஷம் வரைக்கும் குடுக்கலாம். பிள்ளைங்க இவ்வளவு கெட்டிக்காரங்கன்னு நாங்களே எதிர்பாக்கல. அதனால திங்கட்கிழமையிலேர்ந்து இன்னும் ரெண்டு மடங்கு சேத்துத் தரோம். யாருக்காவது ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

முப்பத்திநாலு வீட்டு ஆளுங்க இருந்தோம். ஒரு கைகூட மேலே போகல. மனசுக்குள்ள கூட்டிப் பாத்தேன். நூத்தி முப்பது, அதுமேல ரெண்டு மடங்கு. விடிய விடிய உக்கார வேண்டியதுதான். சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுடலாம்.

யார் கண்ணையும் பாக்காம இருக்கச் சுவரைப் பாத்தேன். சுவர் முழுக்க சார்ட். 'என் மாலை நேரம்'னு தலைப்பு. பட்டை வரைபடம் போடுறது இந்த வருஷப் பாடம். வீட்டு ஆளுங்க கை படக் கூடாதுன்னு டீச்சர் கிளாஸ்லயே வரைய வெச்சிருக்காங்க. வாலுவோடது என் தலைக்கு நேர் மேலே ஒட்டியிருந்துச்சு.

வீட்டுப்பாடம், நூத்தி முப்பது நிமிஷம். அப்பா தப்பா சொல்லிக் குடுக்கிறது, பதினஞ்சு. அம்மா கத்துறது, இருபத்தஞ்சு. சைக்கிள், பூஜ்யம். அந்தப் பூஜ்யத்துக்கு மேலே பட்டை இல்லாத இடத்துல ஒரு சைக்கிள் வரைஞ்சிருந்தா. பின் சக்கரத்தைச் சப்பையாவே வரைஞ்சிருந்தா.

அடிப்பாவின்னு முதல்ல கோவம்தான் வந்துச்சு. அடுத்து அந்தச் சப்பைச் சக்கரத்தைப் பாத்தேன். என் கௌரவத்துக்காக இந்தக் குழந்தையோட சாயங்காலத்தை வித்திருக்கேன்.

பக்கத்துல டாக்டரம்மாவும் அண்ணாந்து பாத்துக்கிட்டிருந்தாங்க. அவங்க பையன் சார்ட்டுல வீட்டுப்பாடம் நூத்தி எண்பது. அம்மா போன்ல விடை தேடுறது, நாப்பது. அம்மா பாத்ரூம்ல போய் அழறது, பத்து. அவங்க காது ரெண்டும் செவந்து கிடந்துச்சு. பாவம்னு நினைச்சேன். கொஞ்சம் சந்தோஷமாவும் இருந்துச்சு, பொய் சொல்லுவானேன்.

எந்திரிச்சேன். முழங்கால் பெஞ்சுல இடிச்சது வேற.

"மேடம், என் நோட்டைக் குடுங்க. தப்பா எழுதியிருக்கேன்."

"எந்தத் தேதி?"

"எல்லாத் தேதியும்."

மேஜையில அடுக்கியிருந்ததுல என் நோட்டை உருவினேன், கைப்பையிலேர்ந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். எல்லாரும் பாக்கப் பாக்க ஒவ்வொரு பதினாலையும் அடிச்சு நூத்தி முப்பதுன்னு எழுதி, பக்கத்துல பக்கத்துல கையெழுத்துப் போட்டேன். மூணாவது கையெழுத்துலேயே வெக்கம் பிடுங்கித் தின்னுச்சு. எத்தனை பேர்கிட்ட இப்படி வாங்கியிருக்கேன், அவங்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

மேடம் நோட்டைப் பாத்தாங்க, சுவரைப் பாத்தாங்க.

"அந்தப் பேனாவைக் கொஞ்சம் குடுங்க"ன்னாங்க டாக்டரம்மா.

அவங்ககிட்டேர்ந்து பின் பெஞ்சு, அங்கேர்ந்து ஜன்னலோரம்னு பேனா கை மாறிக்கிட்டே போச்சு. சுத்தி முடிச்சு என்கிட்ட வந்தப்போ மை தீந்திருந்துச்சு. திங்கட்கிழமையிலேர்ந்து பாதிப் பாடம் கிளாஸ்லயே முடியும், மீதிக்கு நாப்பத்தஞ்சு நிமிஷம், முடியலைன்னா அப்படியே விட்டுடலாம்னு மேடம் அங்கேயே முடிவு பண்ணினாங்க. இலைங்க இனிமே எதையும் நினைக்க வேண்டாம்னும் சொல்லிட்டாங்க.

அடுத்த மாசம் மறுபடியும் சார்ட் வரைஞ்சாங்க. இந்தத் தடவை வாலு அதை வீட்டுக்கே எடுத்துக்கிட்டு வந்தா, பெத்தவங்க பாத்துக் கையெழுத்துப் போடணுமாம். வீட்டுப்பாடம், நாப்பத்தஞ்சு. சைக்கிள், ஐம்பது. அந்தப் பட்டையைச் சிவப்புல தீட்டியிருந்தா. அதுக்குப் பக்கத்துல, அம்மா சைக்கிள் பின்னாடி ஓடிக்கிட்டே கத்துறது, இருபத்தஞ்சு.

"ஏண்டி, இது மட்டும் குறையவே இல்லையா?"

"நான் கடிகாரம் பாத்துத்தாம்மா எழுதினேன்."

புதுப் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டேன்.