சனிக்கிழமைக் கூலி

திங்கள் முதல் வெள்ளி வரை நான் மௌனிகா டீச்சர். சனிக்கிழமை ஏலக்காய் எடுக்கும் கூலிக்காரி. பள்ளிக்கூடம் சக்குபள்ளத்தில் இருப்பதால் அந்தப் பக்கத்துத் தோட்டம் எதற்கும் போவதில்லை. கம்பத்துப் பெண்களை ஏற்றிவரும் ஜீப்பில் தொற்றிக்கொண்டு, மூன்று மலை தள்ளி ஒரு எஸ்டேட்டுக்குப் போவேன். தலைக்கு ஒரு துண்டு, முகத்துக்கு ஒரு துண்டு. குளிருக்குத்தான் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

அப்படியும் அன்னாள் கண்டுபிடித்துவிட்டாள். அவள் சக்குபள்ளத்துக்காரி. அவளுடைய தோட்டத்தில் அந்த வாரம் வேலை இல்லையென்று இங்கே வந்திருந்தாள். கங்காணி என் பெயரைக் கேட்டபோது நான் பதில் சொன்னேன், அவ்வளவுதான். வகுப்பில் கத்திக் கத்தி வளர்ந்த குரல் துண்டுக்குள் அடங்குமா?

என் பக்கத்துச் செடிக்கு வந்து குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"டீச்சர், நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

அவள் மகள் டின்டு என்னிடம் பத்தாவதில் கணக்குப் படித்தவள். இப்போது டிகிரி முடித்து, தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எட். சீட் கிடைத்திருக்கிறது. இரண்டரை லட்சம் கடன். பேங்க் பாரத்தில் அன்னாள் கையெழுத்துப் போட்டால் போதும். திங்கட்கிழமை கடைசி நாள்.

"டீச்சர் மாதிரி ஆவணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. படிச்சு முடிச்சா எம்புட்டு கெடைக்கும்? மறைக்காம சொல்லுங்க."

யார் கேட்டாலும் 'பரவாயில்லை' என்றுதான் சொல்வேன். ரிஜிஸ்டரில் இருபதாயிரத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பள்ளிக்கூடம் என் கையில் கொடுப்பது ஒன்பதாயிரத்து ஐநூறு. இதை என் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அன்றைக்கு என்னவோ ஆத்திரம். பள்ளிக்கூடத்தின் மேல், பேங்க் மேல், என் மேலேயே. எல்லாவற்றையும் கொட்டினேன். நான் பி.எட். படிக்க வாங்கிய கடனுக்கு மாதம் நாலாயிரத்து இருநூறு. வண்டிக்கூலி ஆயிரத்து ஐநூறு. ஆறு வருஷம் கட்டியும் கடன் பாதிகூடக் குறையவில்லை.

"கவர்மெண்டு வேலை?"

"பரீட்சை எழுதி லிஸ்ட்ல பேரும் வந்துச்சு. என் முறை வர்றதுக்குள்ள லிஸ்ட்டோட காலமே முடிஞ்சிருச்சு."

அன்னாள் காய் எடுத்துக்கொண்டே கணக்குப் போட்டாள். ஒரு நாளைக்கு ஐநூறு, மாதம் இருபத்திரண்டு நாள். கணக்கு டீச்சரான எனக்கு முன்னால் அவளுக்கு விடை வந்துவிட்டது.

"அப்ப நான் உங்களவிட ஜாஸ்தி வாங்குறேன்."

அதில் பெருமை இல்லை. ஏமாந்துபோனவள் குரல்தான் இருந்தது. பெற்றோர் கூட்டத்தில் என் முன்னால் நாற்காலியில் உட்காரக் கூசியவள் அவள்.

"நல்லவேளை கேட்டேன்," என்று எழுந்தவள், தன் பையிலிருந்து இரண்டு கை காய் அள்ளி என் பையில் போட்டாள். "எடை கொறஞ்சா கங்காணி கத்துவான்."

துண்டுக்குள் அழுதேன்.

அடுத்த சனிக்கிழமை ஜீப்பில் ஏறினால், உள்ளே டின்டு. என்னைப் பார்த்ததும் பாதி எழுந்தாள். முழுசாக எழுந்து நிற்க ஜீப்பில் இடமில்லை. அம்மா கையெழுத்துப் போடவில்லை என்பதை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தோட்டத்தில் என் பக்கத்துச் செடிதான் அவளுக்கும்.

"அம்மாகிட்ட நீங்க சொன்னதெல்லாம் நெசமா டீச்சர்?"

"நெசந்தான்."

கொஞ்ச நேரம் காய் எடுத்தாள்.

"உங்களுக்கு அந்த வேலை பிடிக்காதா?"

எனக்குப் போன வியாழக்கிழமை நினைவுக்கு வந்தது. ஒரு மாதமாகப் பின்னம் பிடிபடாமல் முழித்த ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, திடீரென்று புரிந்துபோய், நான் சொல்லாமலே பக்கத்துப் பெஞ்சுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது. நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். வீட்டுக்குப் போய்ச் சேரும் வரை சந்தோஷமாக இருந்தேன்.

"பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும்."

"அத அம்மாகிட்ட சொல்லலையா?"

"அம்மா அதக் கேக்கல, டின்டு."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு செடியடியில் கையை விட்டாள். முதல் நாள் இல்லையா, விளைந்தது எது பிஞ்சு எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் சேர்த்துப் பறித்துக்கொண்டிருந்தாள். அப்படி இல்லை, இப்படி என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். என்னால் முடியவில்லை.