நான்கு அங்குலக் கூரை

முன்கண்ணாடிக்குள் வைத்திருந்த அட்டையை நான்தான் எழுதினேன். என் புருஷன் டெல்மரின் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். 'விற்பனைக்கு. முப்பத்துநாலாம் வருடத்து ஃபோர்டு கூப் கார். நான்கு அங்குலம் வெட்டிய கூரை. ஏ.சி., சூடாகும் இருக்கைகள், தானியங்கி கியர், பொத்தானில் இறங்கும் கண்ணாடி.' அட்டையில் இன்னும் இடம் இருந்தது. வேறு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

ஹட்சின்சன் பூங்காவில் ஆகஸ்ட் மாதப் பழைய கார்க் கண்காட்சி. வண்டிகளுக்குப் பின்னால் மடக்கு நாற்காலிகள். ஆண்கள் அடுத்தவர் வண்டியைக் குனிந்து பார்க்கப் போய்விடுவார்கள். நாங்கள் பெண்கள் காவல் இருப்போம். சோளம் சுடும் வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து காற்று அசையாமல் நின்றது.

எங்கள் இளைய மகள் கல்லூரிக்குப் போன வருடம் டெல்மர் இந்த வண்டியின் கூரையை வெட்டினான். தூண்களில் நான்கு அங்குலத்தை அறுத்து எடுத்துவிட்டு, கூரையைக் கீழே இறக்கிப் பற்றவைத்தான். ஜன்னல்கள் தபால் பெட்டியின் வாய் போலச் சுருங்கின. வண்டி தாழ்ந்து நீண்டு தெரிவதுதான் அழகாம். "வெட்டாத கூப்பைப் பாதிரியார் ஓட்டட்டும்" என்பார்கள் எங்கள் கூட்டத்து ஆண்கள். அவர்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. வண்டி முடிந்து முதன்முதலாகச் சாலையில் இறங்கும்போது பக்கத்து இருக்கை மனைவிக்கு. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளையும் வண்டிக் கொட்டகைக்குத் தின்னக் கொடுத்தவள் அவள்தானே.

வண்டி பாதி வேலையில் நிற்கையில் என் கழுத்து கெட்டுப்போனது. தகடு வைத்து எலும்புகளோடு திருகிவிட்டார்கள். அதன் பிறகு என்னால் தலை குனிய முடிந்ததில்லை. டெல்மர் எனக்காக ஏ.சி. வைத்தான். இருக்கைக்குள் சூடு வைத்தான். குலுங்கக் கூடாதென்று அடியில் காற்றுப் பைகள் வைத்தான். எல்லாம் முடிந்து கதவைத் திறந்து பிடித்தபோது என்னால் உள்ளே நுழைய முடியவில்லை. என் நெற்றி கூரை விளிம்பில் இடித்தது. இருக்கையைத் தரையோடு தரையாக இறக்கினான். அப்போதும் இடித்தது.

"கூரையை ஒண்ணும் பண்ண முடியாதா?" என்று கேட்டேன்.

"வெட்டினது வெட்டினதுதான் ஆர்டி. ஒட்டவா முடியும்?" என்றான். பிறகு, "நீ ஏற முடியாத வண்டி எனக்கு எதுக்கு? வித்துடலாம்."

அன்று அழுதேன். யாருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு மனுஷன் என்று நினைத்தேன்.

மதியத்துக்கு மேல் நெப்ராஸ்காவிலிருந்து வந்த ஒருவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். வென்டல் என்று பெயர் சொன்னார். நல்ல உயரம். அனுமதி கேட்டு, இடுப்புப் பட்டையின் கொக்கி வண்ணத்தில் கீறாதபடி திருப்பிவிட்டுக்கொண்டு, உள்ளே ஏறப் பார்த்தார். தொப்பி நசுங்கியது. முழங்கால் முகவாய்க்கு வந்தது.

"டெல்மரு, அந்த ஒட்டகச்சிவிங்கிய மடிச்சுத்தான்டா உள்ள வெக்கணும்!" என்று பக்கத்து வண்டி ரோலி கத்தினான்.

"சிரிங்க, சிரிங்க. உங்க வண்டில என் செருப்புகூடப் போகாது" என்றார் வென்டல். ஏ.சி.யைப் போட்டு முகத்தைக் காட்டினார். "ஆகா. எனக்குப் புடிச்சிருக்கு சார். வாங்கிக்கறேன். கூரைய மட்டும் தூக்கிக்கணும்."

"தூக்கறதா?" என்றேன் நான். "வெட்டினத மறுபடி தூக்க முடியுமா?"

"ஏன் முடியாது மேடம்? நடுவுல தகடு வெச்சு வெல்டு அடிக்க வேண்டியதுதான். நானே ரெண்டு வண்டிக்குப் பண்ணியிருக்கேன். ஒரு குளிர்காலத்து வேலை. உங்க வீட்டுக்காரருக்குத் தெரியாததா? இந்த வெட்டு வெட்டின கைக்கு அது ஒண்ணுமே இல்ல."

டெல்மர் துணியால் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்த இடத்தில் துடைக்க எதுவும் இல்லை.

"விக்கறதுக்கு இல்ல" என்றான்.

"என்ன சார், அட்டை வெச்சிருக்கீங்களே?"

"கூரையத் தொடறவங்களுக்கு இல்ல."

"வாங்கினப்புறம் அது என் வண்டிதானே?"

"அதனாலதான் சொல்றேன்."

வென்டல் என்னைப் பார்த்தார். என் விறைத்த கழுத்தைப் பார்த்திருக்க வேண்டும். தொப்பியைத் தொட்டுவிட்டு நடந்தார்.

டெல்மர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். அவனைப் பார்க்க வேண்டுமானால் நான் உடம்பையே திருப்ப வேண்டும். திருப்பவில்லை.

"உனக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"எப்பவுமே." கொஞ்ச நேரம் துணியை மடித்தான், பிரித்தான். "சுவத்துல வரைஞ்சு பாத்தேன் ஆர்டி. நாலு அங்குலம் ஏத்தி, மூணு, ரெண்டு. எப்படிப் போட்டாலும் அந்தக் கோடு செத்துப்போச்சு. கூரையிலேர்ந்து பின்னாடி இறங்குது பாரு, அந்தக் கோடு. ரம்பத்தக் கையில எடுத்துட்டு ஒரு முழு நாள் நின்னேன். என்னால முடியல."

"நான் எத்தன தடவ அந்தக் கதவுகிட்ட நின்னேன், டெல்."

"பாத்தேன். அதைப் பாக்க முடியாமத்தான் விக்கலாம்னேன். வித்தா எங்கயாவது இப்படியே ஓடிட்டிருக்கும்னு நெனச்சேன்."

அவன் அழுதுகொண்டிருந்தான் என்பது குரலில் தெரிந்தது. நாற்பது வருடம் கூடவே வாழ்ந்த மனிதன் அழும்போது கை தானாக நீளும். என் கை மடியிலேயே கிடந்தது. அவன் பொய் சொன்னது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இப்போது சொன்ன உண்மைதான் தாங்கவில்லை. ஒரு பக்கம் நான், மறுபக்கம் ஒரு கோடு. அவன் ஒரு முழு நாள் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறான்.

எழுந்து போய் முன்கண்ணாடியிலிருந்து அட்டையை எடுத்தான். "வீட்டுக்கே கொண்டு போயிடலாம். கொட்டகைல நிக்கட்டும்."

சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே கொட்டகை. கதவைச் சாத்தும் பழக்கம் அவனுக்கு இல்லை.

அப்போது ஓர் இளம் தம்பதி வந்தார்கள். பையன் வண்டியின் பக்கவாட்டில் குத்துக்காலிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"சார், என்ன கோடு சார் இது!"

"தேங்க்ஸ்" என்றான் டெல்மர், மறுபடி கதவைத் துடைத்துக்கொண்டே. அவன் முகம் தெளிவதை நான் பார்க்காமலே உணர்ந்தேன்.

அந்தப் பெண் எலுமிச்சைச் சாற்றை உறிஞ்சிக்கொண்டே என்னிடம் வந்தாள். "இதுல போறது எப்படிம்மா இருக்கும்?"

டெல்மர் துடைப்பதை நிறுத்தினான்.

"சில்லுனு இருக்கும்" என்றேன்.

"கேட்டியா?" என்று அவள் புருஷனைக் கூப்பிட்டுச் சொன்னாள். "நம்ம வண்டிக்கும் ஏ.சி. வெக்கச் சொல்றேன், காதுலயே போட்டுக்க மாட்டேங்கற."