பரணில் முளைத்த லிவர்

பஞ்சர் கடைக்காரர் கொலையாகி இரண்டு வருடம் ஓடியும் அவர் மனைவிக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம்: எதிர்க்கடைக்காரன் ஜெயிலுக்குப் போக வேண்டும். இரண்டு கடைக்கும் ஏழாம் பொருத்தம். கொலை நடந்த அன்று காலையில்கூட நடுத்தெருவில் சண்டை. வேறு யார் செய்திருப்பார்கள்? ஊரும் அப்படித்தான் சொன்னது, இன்ஸ்பெக்டரும் அப்படித்தான் சொன்னார்.

கோர்ட்டு வராந்தாவில் இன்ஸ்பெக்டர் பாடம் நடத்தினார்.

"உள்ள டயர் கழட்டுற லிவர் ஒண்ணு காட்டுவாங்கம்மா. அவன் வீட்டுப் பரண்ல எடுத்தது. சண்டையப்ப அவன் கையில இதைத்தான் பார்த்தேன்னு சொல்லிடுங்க. மத்ததை நாங்க பார்த்துக்கறோம்."

"சரிங்கய்யா."

அவன் கையில் என்ன இருந்தது என்று அவள் கவனித்ததே இல்லை. போகட்டும், புருஷனுக்காக ஒரு பொய் சொன்னால் நாக்கு அழுகிவிடாது.

கூண்டில் ஏறினாள். குமாஸ்தா அரக்கு முத்திரையை உடைத்து, துணியைப் பிரித்து, லிவரை மேசையில் வைத்தார். பிடியில் பழைய சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. கை வழுக்குது என்று புருஷன் புலம்பியதால் அவளே வெட்டிச் சுற்றிக் கொடுத்தது.

அவர் போன மறுவாரம் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து, காயத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க டாக்டர் கேட்கிறார், மாதிரிக்கு ஒரு லிவர் கொடுங்கள் என்றார். இவள்தான் எடுத்துக் கொடுத்தாள். அழுதுகொண்டிருந்தவள் அதைத் திருப்பியா கேட்பாள்? மாதிரிக்குப் போனது பரணில் முளைத்திருக்கிறது! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த மகராசன், அந்த டியூபையாவது பிரித்துப் போட்டிருக்கக் கூடாதா?

"இதை எங்கம்மா பார்த்தீங்க?" அரசு வக்கீல் கேட்டார்.

சொல்லு என்பதுபோல் இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். எதிர்க்கடைக்காரன் பாதி ஆளாக இளைத்துப்போய் நின்றான். அவன் மேல் அவளுக்கு இரக்கம் வரவில்லை. ஆனால் பொய்யும் வரவில்லை.

"எங்க வீட்லய்யா. இது எங்களுது. இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டாருன்னு நான்தான் குடுத்தேன். அவர் செத்ததுக்கு அப்புறம்."

குழாயில் தண்ணீர் வரவில்லை என்று தொண்டை கிழியக் கத்தினாலும் யாரும் திரும்பிப் பார்க்காத உலகம் இது. இங்கே அவள் சொன்ன ஒரு சொல்லுக்கு அத்தனை கறுப்பு அங்கிகளும் ஆடாமல் அசையாமல் நின்றன.

"மெதுவா, மறுபடி சொல்லுங்கம்மா," என்றார் நீதிபதி. அவள் சொல்லச் சொல்ல அவரே தன் கையால் எழுதினார். இவ்வளவு பெரிய கட்டடம், ஒரு மனிதனை உள்ளே தள்ளுவதற்கு முன்னால் அவள் வாயைப் பார்த்து நிற்கிறதே! அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கூண்டின் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் இன்ஸ்பெக்டர் பாய்ந்தார்.

"கெடுத்துட்டியேம்மா! இனி கேஸ் நிக்காது. உன் புருஷனுக்காகத்தானே செஞ்சேன்?"

"அப்ப அவரை நெசமா அடிச்ச ஆயுதம் எங்கய்யா?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"தேடவே இல்லியா?"

தொப்பியைத் துடைத்துக்கொண்டே அவர் ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

அவள் படியிறங்கித் தெருவுக்கு வந்தாள். இரண்டு வருடத்தில் முதன்முறையாக எதிரே வருகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இவர்களில் எவனோ ஒருவன் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கலாம்; அவனை யாரும் தேடியதே இல்லை.